வாக்காளர் பட்டியலை எழுதுவது யார்?

போன இதழில் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே பட்டா, வாரிசுச் சான்று, தெருவிளக்கு விவகாரங்களை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை அமெரிக்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் பேராசிரியர் அல்ல. வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வருவாய்த் துறையில் சேர்ந்து, தேர்தல் துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். இப்போது இருப்பு காட்பாடி. எந்த நாட்டு ஜனநாயகமாக இருந்தாலும் தாலுகா ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

ஐயா, நாங்கள் தைக்கும் ஷூ அமெரிக்காவுக்குப் போகிறது. அவ்வளவு பணக்கார நாட்டில் ஓட்டுப் போட மணிக்கணக்கில் நிற்கிறார்களே, ஏன்? எங்கள் பூத்தில் டிபன் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.
– ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

நல்ல கேள்வி அம்மா. நம் ஊரில் வாக்குச்சாவடி எங்கே இருக்க வேண்டும் என்பதை டெல்லியில் உள்ள தேர்தல் ஆணையத்தின் விதி சொல்கிறது. வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கும்படி இருக்கக் கூடாது. ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை என்று இருந்ததை 2025-ல் 1,200 ஆக்கினார்கள். கலெக்டரே நினைத்தாலும் ஒரு சாவடியைத் தன் விருப்பத்துக்கு மூட முடியாது. கட்சிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டு, வரைவு ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த ஃபைல்களைச் சுமந்து திரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் கிடையாது. அங்கே மத்திய தேர்தல் ஆணையம் என்ற பெயரில் இருப்பது கட்சிகளின் பணக்கணக்கை மட்டும் பார்க்கும். தேர்தலை நடத்துவது மாநிலங்களும், அவற்றின் கீழே 3,000-க்கு மேற்பட்ட கவுன்டிகளும். கவுன்டி என்பது ஏறக்குறைய நம் தாலுகா, மாவட்டம் மாதிரி. கையில் காசு உள்ள கவுன்டியில் இயந்திரமும் ஆளும் இருப்பார்கள். இல்லாத கவுன்டியில் வரிசை நீளும். பல இடங்களில் அதை நடத்தும் அதிகாரியே ஒரு கட்சியின் சார்பில் தேர்தலில் ஜெயித்து வந்தவர். இதை நம் ஊர்ப் பூத் ஏஜென்ட்டிடம் சொன்னால் சிரிப்பார்.

வரிசை எல்லோருக்கும் ஒரே மாதிரி நீளுவதில்லை. 2016 தேர்தலில் செல்போன் இருப்பிடத் தகவலை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளையர்கள் வாழும் பகுதிகளைவிடக் கறுப்பர்கள் வாழும் பகுதிகளில் சாவடியில் கழித்த நேரம் ஏறக்குறைய 29 சதவீதம் கூடுதல். ஜார்ஜியா மாநிலத்தில் 2021-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள் வரிசையில் நிற்பவருக்குத் தொண்டர்கள் தண்ணீரோ தின்பண்டமோ கொடுத்தால் குற்றம். சித்திரை வெயிலில் ஆம்பூரில் இப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்க்கட்டும்!

இன்னொன்று, தேர்தல் நாள். அது செவ்வாய்க்கிழமை என்று 1845-ல் சட்டம் போட்டார்கள். ஞாயிறு தேவாலயம், புதன் சந்தை, இடையில் வண்டி கட்டிக்கொண்டு வர ஒரு நாள் வேண்டும் என்பது அந்தக் கால விவசாயியின் கணக்கு. விவசாயி போய்விட்டார், செவ்வாய்க்கிழமை போகவில்லை. நாடு முழுவதற்குமான விடுமுறை கிடையாது. மணிக்கூலிக்கு ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றால் அந்தக் கூலி போச்சு. பல மாநிலங்களில் முன்கூட்டியே ஓட்டுப் போடவும் தபாலில் அனுப்பவும் வசதி உண்டு. ஆனால் அந்த வசதியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதுதான் அங்கே இன்றைக்கு நடக்கும் சண்டை. உங்களுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு இருக்கிறது: வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை. யாராவது சம்பளம் பிடித்தால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

கறுப்பர்களுக்கு 1870-லேயே வாக்குரிமை வந்துவிட்டது என்று பாடத்தில் படித்தோம். பிறகு 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் எதற்காகப் போராடினார்?
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

தம்பி, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் பிறந்தேன் என்று வைத்துக்கொள். 1870-ல் வந்த 15-வது திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று சொல்கிறது. சரி, இனத்தைக் காரணம் காட்டாமல் மறுத்தால்? உள்நாட்டுப் போருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களில் மத்திய ராணுவம் இருந்தவரை கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள், ஜெயித்தார்கள். மிசிசிப்பியிலிருந்து 1870-ல் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பர் செனட்டுக்கே போனார். 1877-ல் ராணுவத்தை விலக்கிக்கொண்டார்கள். முதலில் துப்பாக்கியும் தூக்குக் கயிறும் வந்தன. அப்புறம் வந்தது எங்கள் வகை ஆயுதம், அதாவது படிவம்.

மிசிசிப்பி 1890-ல் புது அரசியல் சட்டம் எழுதியது. அதில் எங்கேயும் கறுப்பர் என்ற சொல்லை வைத்து ஓட்டை மறுக்கவில்லை. தேர்தல் வரி 2 டாலர் கட்டிய ரசீது வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பகுதி என்று எடுத்துக் கொடுப்பது பதிவு அதிகாரி. விளக்கம் சரியா என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. வெள்ளைக்காரர் வந்தால் ஒற்றை வரி, கறுப்பர் வந்தால் வக்கீலுக்கே புரியாத பத்தி. லூசியானா இன்னும் ஒரு படி மேலே போனது. 1867-க்கு முன் உன் தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருந்தால் உனக்குப் பரீட்சை வேண்டாம் என்று 1898-ல் எழுதினார்கள். 1867-க்கு முன் அங்கே எந்தக் கறுப்பருக்கு ஓட்டு இருந்தது? அந்த மாநிலத்தின் பட்டியலில் 1896-ல் 1,30,334 கறுப்பர்கள் இருந்தார்கள். 1904-ல் 1,342 பேர். எட்டு வருஷத்தில் கொள்ளைநோய் வந்தால்கூட இப்படிக் குறையாது.

அறுபது வருஷத்துக்கு மேல் இது ஓடியது. 1962-ல் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் என்ற பருத்திக்காட்டுத் தொழிலாளி பெயர் பதியப் போனார். வயது நாற்பதைத் தாண்டியவர். அதிகாரி அவரிடம் ‘டி ஃபேக்டோ’ (நடைமுறையில் மட்டும் உள்ள) சட்டங்களைப் பற்றி விளக்கச் சொன்னார். கிறிஸ்துமஸ் என்றைக்கு என்று குதிரைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்குத் தெரியும் என்று பின்னாளில் அந்த அம்மாள் சொன்னார். அதற்குள் சேதி முதலாளிக்குப் போய்விட்டது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்றார். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றைக்கே வெளியேறினார். அதே வருஷம் மிசிசிப்பி இன்னொரு விதி கொண்டுவந்தது: பெயர் பதிய மனுக் கொடுத்தவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். வெளிப்படையான நிர்வாகமாம்! எந்தக் கூலியாள் ஓட்டுக் கேட்கிறான் என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுக்கும் வேலை அது.

1964 வாக்கில் மிசிசிப்பியில் பதிவான கறுப்பர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 1965 மார்ச் 7-ல் அலபாமாவின் செல்மா நகரப் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் சூட்சுமம் ஒரே ஒரு ஏற்பாட்டில் இருந்தது. பழைய குற்றவாளி மாநிலங்களும் கவுன்டிகளும் தேர்தல் விதியில் ஒரு கமா மாற்றினாலும் முன்னதாக மத்திய அரசின் சம்மதம் வாங்க வேண்டும். சாவடியை இடம் மாற்றுவது உட்பட. 1967-க்குள் மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபது கறுப்பர்கள் பட்டியலில் இருந்தார்கள். மக்கள் மாறவில்லை, படிப்பு திடீரென்று வந்துவிடவில்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவரின் கை கட்டப்பட்டது, அவ்வளவுதான். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. மேலே ஆம்பூர் வாசகி கேட்ட வரிசைகளில் ஒரு பகுதி அதற்குப் பிறகு மூடப்பட்ட சாவடிகளால் நீண்டது.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1935 சட்டப்படி நடந்த தேர்தல்களில் சென்னை மாகாணத்தில் வரி கட்டியவர்களுக்கும் கொஞ்சம் எழுத்து வாசனை உள்ளவர்களுக்கும்தான் ஓட்டு. என் தாத்தா பெயரில் பட்டா இருந்தது, ஓட்டு இருந்தது. எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டியவருக்கு இல்லை. அவர் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1952-ல். அமெரிக்கா 1965-ல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நம் அரசியல் சட்டம் 326-வது பிரிவு வழியாக ஒரே தாண்டலில் போனது.

லிங்கன் கட்சிதானே ரிபப்ளிகன்? அப்புறம் ஏன் கறுப்பர்கள் டெமாக்ரடிக் கட்சிக்குப் போடுகிறார்கள்?
– வாசகர், வாலாஜாபேட்டை

கட்சிகள் இடம் மாறிவிட்டன. தெற்கில் மேலே சொன்ன பரீட்சையெல்லாம் வைத்தது டெமாக்ரடிக் கட்சி. 1964-ல் அதே கட்சியின் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் சமூக உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் தெற்கத்தி வெள்ளையர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரிபப்ளிகன் பக்கம் போனார்கள். கறுப்பர்கள் 1930-களிலேயே டெமாக்ரடிக் பக்கம் வரத் தொடங்கியிருந்தார்கள். கொடியை வைத்து ஆளை எடைபோட முடியாது என்பது நமக்குத் தெரியாததா?

அடிமைமுறை போய் 160 வருஷம் ஆகிறது. உழைத்து முன்னேற இது போதாதா? இன்னும் பழைய கதையைப் பேசுவது சரியா?
– வியாபாரி, ஆற்காடு

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை. நான் நிலப் பதிவேட்டுக்காரன், நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் ஒரு ஆணை போட்டார். தென் கரோலினாவிலிருந்து ஃப்ளோரிடா வரை கடலோரப் பண்ணை நிலங்களை விடுதலையான குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னது அந்த ஆணை. நாற்பதாயிரம் பேர் போலக் குடியேறி உழத் தொடங்கினார்கள். ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருஷம் முடிவதற்குள் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். உழுதவர்கள் அதே நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு நின்றார்கள். இதற்கு மூன்று வருஷம் முன்பு வாஷிங்டன் நகரில் அடிமைமுறையை ஒழித்தபோது நஷ்டஈடு கொடுத்தார்கள் ஐயா, ஆளுக்கு 300 டாலர் வரை. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு.

பிறகு 1930-கள். வீட்டுக் கடன் கொடுக்க மத்திய அரசு நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது. நல்ல பகுதிக்குப் பச்சை, ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பர்கள் குடியிருந்தால் அநேகமாகச் சிவப்பு. அரசு உத்தரவாதமுள்ள வீட்டுக்கடன் பல பத்தாண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1935-ல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டது. தெற்கில் கறுப்பர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த இரண்டு வேலைதான். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் சொத்து என்பது பெரும்பாலும் வீடு. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்தே பெரும்பணம் வருகிறது. வீட்டு விலை குறைந்த இடத்தில் பள்ளிக்கும் பணம் குறைவு. மத்திய வங்கி 2022-ல் எடுத்த கணக்கின்படி நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். சம்பளத்தில் இவ்வளவு இடைவெளி கிடையாது. சம்பளம் இந்தத் தலைமுறையின் உழைப்பு, சொத்து பாட்டன் காலத்துக் கணக்கு.

நம் பதிவேட்டிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையை ஒட்டி, மறு வருஷம் தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசு முடிவு செய்தது. அதுதான் பஞ்சமி நிலம். எங்கள் ஆபீஸ் பாஷையில் ‘டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம்’. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. இன்றைக்கு அந்தச் சர்வே எண்களைப் போய்ப் பாருங்கள், அனுபவத்தில் யார் இருக்கிறார்கள் என்று. வடாற்காட்டில் இதைத் தோண்டினால் ஆற்காடு பிரியாணி செரிக்காது. நிலம் இல்லாதவர் எந்த ஊரிலும் ஓட்டுப்பெட்டிக்கு முன் முழு மனிதராக நிற்பது கஷ்டம். அவரது குடிசையும் கூலியும் இன்னொருவர் கையில் இருக்கின்றன. ஹேமர் அம்மாளை முதலாளி வெளியேற்றிய கதையை மேலே சொன்னேன் அல்லவா?

என் மகன் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். ‘இதெல்லாம் கறுப்பு வெள்ளைச் சண்டை, நமக்குச் சம்பந்தமில்லை அம்மா’ என்கிறான். சரிதானே?
– குடும்பத் தலைவி, காட்பாடி

பக்கத்துத் தெருக்காரரா? பையனிடம் 1923-ம் வருஷத்து வழக்கு ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். பகத்சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டார். வேற்றுநாட்டார் குடியுரிமை பெற வெள்ளையராக இருக்க வேண்டும் என்று 1790-ல் வந்த சட்டம் சொன்னது. கறுப்பர்களுக்கு 1870-ல் வழிவிட்டார்கள், ஆசியர்களுக்கு இல்லை. திந்த் என்ன வாதாடினார் தெரியுமா? தான் ஆரியன், உயர்ந்த ஜாதி, ஆகவே வெள்ளையன் என்று. உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் இல்லை என்றது. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை.

உங்கள் மகன் மாதிரி லட்சக்கணக்கானவர்கள் போக வழிசெய்த குடியேற்றச் சட்டம் வந்தது 1965-ல். செல்மா பாலத்தில் அடி வாங்கிய அதே வருஷம், வாக்குரிமைச் சட்டத்துக்கு இரண்டு மாதம் கழித்து. இனத்தை வைத்து ஆளைப் பிரிப்பது அசிங்கம் என்று அந்த நாட்டுக்கு உறைக்க வைத்தவர்கள் கறுப்பர்கள். சம்பந்தமில்லை என்று சொல்லும் பையன் அவர்கள் திறந்த வழியில்தான் போயிருக்கிறான். போகும்போது நம்மவர்கள் எதை மூட்டை கட்டிப் போகிறார்கள் என்பது வேறு கதை. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் ஜாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது.

ஹிலாரி கிளின்டன் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது எப்படி?
– ரயில்வே ஊழியர், அரக்கோணம்

2016-ல் அவர் வாங்கியது 28 லட்சத்துக்கு மேல் கூடுதல் ஓட்டு. 2000-ல் அல் கோர் ஐந்து லட்சம் போலக் கூடுதலாக வாங்கித் தோற்றார். அங்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. 270 வந்தால் வெற்றி. இரண்டு மாநிலங்களைத் தவிர மற்றவற்றில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுவதும் போய்விடுவார்கள்.

இந்த ஏற்பாட்டின் வேரிலும் அடிமைமுறை இருக்கிறது. 1787-ல் அரசியல் சட்டம் எழுதியபோது, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் தெற்கு நஷ்டப்படும் என்று அதை எழுதியவர்களில் ஒருவரான மேடிசன் சொன்னார். தெற்கின் மக்கள்தொகையில் கணிசமான பங்கு அடிமைகள், அவர்களுக்கு ஓட்டு இல்லையே! அதற்கு முன்பே ஒரு பேரம் படிந்திருந்தது: நாடாளுமன்ற இடங்களைக் கணக்கிடும்போது அடிமையை ஐந்தில் மூன்று ஆளாக எண்ணலாம். ஓட்டுப் போட முடியாத மனிதனின் தலையை எண்ணி அவனது எஜமானனுக்குக் கூடுதல் இடம். தேர்வாளர் குழுவுக்கும் அதே எண்ணிக்கைதான் அடிப்படை. ஐந்தில் மூன்று உள்நாட்டுப் போரோடு போனது, குழு நிற்கிறது. செனட்டில் மாநிலத்துக்கு இருவர். ஏறக்குறைய 4 கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு, 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு.

தலைக்கு ஒரு ஓட்டு என்று முழங்கிவிட்டு இதை ஏசலாம்தான். ஆனால் நாம் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஏசும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1967-ல் நமக்கு மக்களவையில் 41 இடங்கள் 39 ஆகின. 1971 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலங்களின் பங்கை உறைய வைத்தது, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதற்காக. வயோமிங்காரரைக் கேட்டால் அவரும் ஏறக்குறைய இதே தொனியில் பேசுவார். நம் வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது, அவர் வாதத்தில் கொஞ்சம்தான் தெரிகிறது. நான் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலா என்று நீங்கள் கேட்டால் சட்டென்று மறுக்க மாட்டேன்.

2019-ல் பணத்தால் நம் வேலூர் மானமே போனது. அமெரிக்காவில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பதில்லையாமே?
– கைத்தறி நெசவாளர், குடியாத்தம்

2019 ஏப்ரல் 18-ல் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தலை இரண்டு நாள் முன்பு ஜனாதிபதி ஆணையால் ரத்து செய்தார்கள். வருமான வரிச் சோதனையில் சுமார் 11 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டது காரணம். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் 5-ல் மறுபடி நடத்தினார்கள். வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. சாவடிக்கு அனுப்பப் பொருட்களைக் கட்டி வைத்துவிட்டு மறுபடி பிரித்த என் பழைய சகாக்களின் வயிற்றெரிச்சல் தனி.

அமெரிக்காவில் வாக்காளர் கையில் ரூபாய் வைப்பது அபூர்வம். அங்கே பணம் டி.வி.க்கும் விளம்பரத்துக்கும் போகிறது. 2010-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வேட்பாளரோடு கலக்காமல் தனியாகச் செலவழிக்கும் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் உச்சவரம்பு வைக்கக் கூடாது என்றது. பணம் செலவழிப்பது பேச்சுரிமையின் பகுதியாம். 2020-ல் ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்களுக்குச் சேர்த்து ஆன செலவு சுமார் 1,400 கோடி டாலர். ஆக, கீழே 500 ரூபாய் கைமாறினால் குற்றம், மேலே கோடி கைமாறினால் கருத்து. நாமும் அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தோம். கொடுத்தவர் பெயர் தெரியாத தேர்தல் பத்திரங்கள் 2018-ல் வந்தன. 2024 பிப்ரவரி 15-ல் நம் உச்ச நீதிமன்றம் அவை செல்லாது என்று சொல்லிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம் நீதிபதிகள் பக்கம்தான் நான்.

அங்கே இனம், இங்கே ஜாதி. இரண்டும் ஒன்றா?
– ஆசிரியை, வாணியம்பாடி

மார்ட்டின் லூதர் கிங் 1959-ல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், அதுதான் நான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பிறகு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அம்பேத்கரும் 1946-ல் கறுப்பர் தலைவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களுக்கு ஒற்றுமை தெரிந்திருந்தது. ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே தோலைப் பார்த்தால் போதும். இங்கே ஊரும் தெருவும் அப்பா பெயரும் விசாரித்தாக வேண்டும். அதற்கென்றே நம்மிடம் சுற்றி வளைத்த கேள்விகள் இருக்கின்றன.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019 ஆகஸ்ட் 5-ல் வேலூர்த் தேர்தல் நடந்தது என்றேன். வாணியம்பாடியும் அந்தத் தொகுதிதான். அதே மாதத்தில், நிலத்தின் வழியாகப் போக விடவில்லை என்பதால், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. வழி கேட்டவர்களும் வழி மறித்தவர்களும் சில நாள் முன்புதான் ஒரே பட்டியலில் பெயர் பார்த்து, ஒரே மையை விரலில் வாங்கியிருப்பார்கள். விரலில் மை அழிந்திருக்காது. அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று 1949 நவம்பர் 25-ல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை மேடைதோறும் சொல்கிறோம். எனக்கு அந்தப் பாலம்தான் அதற்கு விளக்கவுரை.

மொத்தத்தில் நம் தேர்தல் முறைதான் ஒசத்தி என்கிறீர்கள். ஓய்வூதியம் வாங்குபவர் வேறு என்ன சொல்வார்?
– வாசகர், சத்துவாச்சாரி

குத்தல் புரிகிறது. நடத்தும் முறையில் நாம் மேல்தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டியல் விஷயத்தில் எனக்கு அந்தத் தெம்பு இல்லை.

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பழக்கம். இரண்டு வருஷம் ஓட்டுப் போடாதவருக்கு ஒரு கார்டு அனுப்புவார்கள். பதில் போடாமல், அடுத்த நான்கு வருஷமும் ஓட்டுப் போடாமல் இருந்தால் பெயர் நீக்கம். 2018-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது, மறுபடியும் ஐந்துக்கு நான்கு. சொந்த வீட்டில் இருபது வருஷமாக இருப்பவருக்குக் கார்டு ஒழுங்காக வந்து சேரும். வாடகை ஏறியதும் வீடு மாற்றுகிறவருக்கு வருமா? கார்டில் இனமும் இல்லை, வருமானமும் இல்லை. ஆனாலும் அது யாரைப் போய்ச் சேராது என்று தபால்காரரைக் கேட்டால் தெரியும். இங்கே 2025-ல் பீகாரில் தீவிரத் திருத்தம் நடந்தபோது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அவற்றைக் காரணத்தோடு வெளியிடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் நிச்சயம் உண்டு. எந்தப் பட்டியலிலும் உண்டு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவரும் கணக்கெடுக்க வந்த அன்றைக்கு வீட்டில் இருந்திருக்க மாட்டாரே!

அப்புறம் சிறை. ஃப்ளோரிடாவில் 2018-ல் மக்களே ஓட்டுப் போட்டு, தண்டனை முடித்த சுமார் 14 லட்சம் பேருக்கு வாக்குரிமையைத் திருப்பினார்கள். மறு வருஷமே சட்டமன்றம், அபராதமும் கோர்ட் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் என்று சேர்த்தது. பழைய தேர்தல் வரி வேறு வேஷத்தில் வந்தது போல எனக்குப் பட்டது. சரி, நாம்? வேலூர் மத்திய சிறையில் வழக்கு முடியாமல் இருப்பவருக்கு, குற்றம் நிரூபிக்கப்படாதவருக்கு, ஓட்டு உண்டா? கிடையாது, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62(5). ஜாமீன் கட்ட வசதி உள்ளவர் வெளியே வந்து ஓட்டுப் போடுவார், இல்லாதவர் உள்ளே இருப்பார். உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்க முடியும் என்பது இன்னும் வேடிக்கை. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது, நன்றி.

ஐயா, அமெரிக்காவை விடுங்கள். கல்யாணமாகி ஆரணிக்குப் போன என் மகளின் பெயர் இன்னும் எங்கள் வீட்டு முகவரியிலேயே இருக்கிறது. புதிதாகப் படிவம் 6 கொடுக்கலாமா?
– அணைக்கட்டு வாசகி

கொடுக்கக் கூடாது அம்மா, இரட்டைப் பதிவாகிவிடும். படிவம் 6 முதல் தடவை சேர்பவர்களுக்கு. 2022-லிருந்து இடமாற்றத்துக்குப் படிவம் 8. ஆரணி முகவரிச் சான்றோடு அங்கே உள்ள பூத் அலுவலரிடம் மகளே கொடுக்கட்டும், ஆன்லைனிலும் போடலாம். ஒப்புகைச் சீட்டை, அல்லது ஆன்லைனில் வரும் எண்ணை, வாங்காமல் வர வேண்டாம். வரைவுப் பட்டியல் ஒட்டும்போது பாகம் எண்ணைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் அதே பாகம் வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு சாவடி விழுவது சாதாரணமாக நடக்கும். அதற்கும் படிவம் 8 தான்.